காவிரிப் படுகைக்கு மணிக்கொரு ஊர்வண்டி வேண்டும்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள், தெற்கு ரயில்வே, சென்னை.
கோட்ட மேலாளர் அவர்கள், திருச்சிராப்பள்ளிக் கோட்டம்.
பார்வைக்கு: காவிரி டெல்டா மாவட்டங்களின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை வரையிலும், தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் காரைக்கால் வரையிலும் செல்லும் இருப்புப்பாதைகளில், விடியற்காலை முதல் இரவு பத்து மணி வரை, மணிக்கு ஒன்றாக, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் மின்சார ஊர்வண்டிகளை இயக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். மெட்ரோ ரயிலோ, தூண்களின் மேல் செல்லும் பாதையோ, புதிதாக நிலம் எடுத்துப் போடவேண்டிய தடமோ இந்தக் கோரிக்கையில் இல்லை. பாதை இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது, நிலையக் கட்டடங்களும் இருக்கின்றன. ஊர்மக்கள் நம்பி வீட்டைவிட்டுப் புறப்படத்தக்க ஒரு கால அட்டவணைதான் இல்லை.

இந்தக் கோரிக்கையைச் சலுகை கேட்பதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, இப்பகுதியில் ரயில் வந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்குள், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை சுமார் 125 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை போட்டது. வேலை 1861இல் நடந்தது, மறு ஆண்டில் முழுப் பாதையும் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் போவதற்கு முன்பே கீவளூருக்கும் கொரடாச்சேரிக்கும் போய்விட்டது. அந்தப் பாதை அகலப்பாதையாகவே போடப்பட்டது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1870களின் நடுவில் சிக்கனம் கருதி அதை மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, நாம் வரிப்பணம் செலவிட்டு மறுபடி அகலமாக்கினோம். குறுக்கியதற்கும் அகலமாக்கியதற்கும் இடைப்பட்ட காலத்தில் வந்து போன நிர்வாகங்கள் எத்தனையோ. காலையில் நெல்லும் வாழையிலையும் ஏற்றி, மாலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பாசஞ்சர் வண்டிகள் மட்டும் அத்தனை காலமும் மாறாமல் ஓடின.

திருவாரூர் வழியாகத் தெற்கே போகும் பாதையின் வரலாறு இன்னும் முக்கியமானது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரையிலான பாதையை 1894இல் போட்டது எந்த லண்டன் கம்பெனியும் அன்று. அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டுதான் போட்டது. நிலத் தீர்வையோடு கூடுதலாக ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் போட்ட பாதை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் அது நீண்டது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதையின் உடைமை ஜில்லா போர்டுக்கு, அதாவது நன்செய்க்கும் புன்செய்க்கும் தீர்வை கட்டிய குடியானவர்களுக்கு. உள்ளூர் மக்களின் பணத்தில், உள்ளூர்ப் போக்குவரத்துக்காகவே போடப்பட்ட ஒரு பாதையில், பிற்காலத்தில் உள்ளூர் மக்களுக்குத்தான் வண்டி குறைந்தது என்பதை இந்த இடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கிளைப் பாதைகளையும் சேர்த்துப் பார்த்தால், 1930களில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் ரயில் எட்டாத ஊர்ப்புறம் குறைவு என்றே சொல்லலாம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898 முதல் வண்டி போயிற்று. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கும், திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் உப்பளங்களுக்கும், அங்கிருந்து கோடியக்கரைக்கும், 1926 முதல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் வண்டிகள் போய்வந்தன. இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் நின்றது. மன்னார்குடிப் பாதை 1970களில் மூடப்பட்டது. 2011இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்து, மன்னை எக்ஸ்பிரஸைத் தந்தது. காரைக்கால்–பேரளம் பாதை 1980களின் பிற்பகுதியில் நின்று, இப்போதுதான் மறுபடி போடப்பட்டிருக்கிறது. வேதாரண்யம் பாதை அகத்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டருக்கு அகலமாக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தரங்கம்பாடிப் பாதை மட்டும் 1980களில் போனது போனதுதான்.

அகலப்பாதைப் பணி நடந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்பதைத் தங்கள் கோப்புகள் பணி முன்னேற்றமாகப் பதிந்திருக்கும். எங்கள் ஊர்கள் அதை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கின்றன. ஒரு பகுதியில் வண்டியை நிறுத்துவார்கள்; மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு, சில பகுதிகளில் ஆறேழு ஆண்டு கழித்துத் திறப்பார்கள். விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2006 இறுதியில் மூடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. காரைக்குடி–திருவாரூர் பாதையில் 2012இல் வண்டி நின்றது. பட்டுக்கோட்டை வரை 2018இலும், திருவாரூர் வரை 2019இலும்தான் திரும்பியது. இவ்வளவு நாள் ஒரு ஊர் ரயிலில்லாமல் இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகள் கல்லூரியைப் பேருந்துத் தடத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கப் பழகிவிடுகிறார்கள். சீசன் டிக்கெட் எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர்கள் கடன் வாங்கி இருசக்கர வண்டி வாங்கிவிடுகிறார்கள். பாதை திறந்த பின் நிர்வாகம் கூட்டத்தைக் கணக்கெடுத்து, “பயணிகள் வரத்துக் குறைவு” என்று எழுதுகிறது. வரத்து ஏன் குறைந்தது என்பதற்கான விடை அந்த மூடல் ஆண்டுகளிலேயே இருக்கிறது.

அகலப்பாதையால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சோழன், உழவன், மன்னை என்று சென்னைக்கு நல்ல வண்டிகள் இருக்கின்றன. தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயில் 2023இலும், தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில் புதிய பாம்பன் பாலத்தோடு 2025 ஏப்ரலிலும் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக வந்தன. நெடுந்தொலைவுப் பயணிக்கு இவை பெரிய வசதி. ஆனால் நீடாமங்கலத்து மாணவி தஞ்சாவூர்க் கல்லூரிக்குக் காலை ஒன்பதரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வீடு திரும்ப வேண்டும். நள்ளிரவில் கடந்து போகும் விரைவு ரயிலால் இவர்களுக்கு என்ன பயன்? அவர்கள் ஏறக்கூடிய பாசஞ்சர் வண்டிகளோ, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையில் இருக்கின்றன. கொரோனாவுக்குப் பின் அவற்றுக்கு விரைவு ரயில் கட்டணம் வாங்கிய காலத்தில், பத்து ரூபாய்ப் பயணம் முப்பது ரூபாயானது. 2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியது. கட்டணம் திரும்பிவிட்டது, நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

இனி இந்தத் தடத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டுகிறேன். புறநகர் ரயிலுக்கென்றே யாரோ அளந்து வைத்ததுபோல் ஊர்கள் அமைந்திருப்பது இங்கே கண்கூடு. திருச்சியை விட்டால் பொன்மலை, திருவெறும்பூர், பூதலூர், ஆலக்குடி, தஞ்சாவூர். அங்கிருந்து பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோவில், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். பிறகு திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம், மயிலாடுதுறை. தஞ்சாவூர் முதல் மயிலாடுதுறை வரை சுமார் 70 கிலோமீட்டர். நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், ஒவ்வொரு நிலையத்தையும் ஒட்டி ஒரு கடைத்தெருவோ, ஒரு பள்ளியோ, ஒரு பெரிய கோயிலோ. திருவாரூர்த் தடத்தில் சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, குளிக்கரை. திருவாரூருக்கு அப்பால் அடியக்கமங்கலம், கீவளூர், சிக்கல், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால். வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டிய இடங்களும் இதே தடங்களில்தான் இருக்கின்றன. பொன்மலைப் பணிமனையும், திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனமும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரியும், திருவாரூர் அருகே நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகமும் அவற்றுள் சில. ஆடுதுறையில் இருப்பவன் என்பதால் எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன், ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகங்கள் இந்தியா முழுவதும் போயிருக்கின்றன, அந்த நிலையத்துக்கு வேலைக்கு வருகிறவர்தான் பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் தொங்கிக்கொண்டு வருகிறார்.

சாலையை அகலப்படுத்துவதே தீர்வு என்று சொல்வோர் உண்டு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைக்காக எத்தனை ஏக்கர் நஞ்சையும் தோப்பும் போயின என்பதை அந்தத் தடத்தில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். 2020இல் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. நிலத்தைக் காப்பதென்று சட்டம் இயற்றிய பிறகு, நிலம் கேட்காத போக்குவரத்து எது என்று முதலில் பார்ப்பதுதான் முறை. ஏற்கெனவே போடப்பட்டு, பகலில் பல மணி நேரம் வெறுமனே கிடக்கும் இருப்புப்பாதை ஒரு காணி நிலம்கூடக் கேட்காது.

சென்னையின் அனுபவத்தை இங்கே ஒப்பிடுவது பொருத்தம். அந்த அனுபவமும் இரண்டு விதமானது. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று தாம்பரம் ஒரு சிற்றூர். சைதாப்பேட்டைக்குத் தெற்கே பெரும்பகுதி வயலும் ஏரியும்தான். கூட்டம் சேர்ந்த பிறகு வண்டி விடலாம் என்று அன்றைய தென்னிந்திய ரயில்வே காத்திருக்கவில்லை. வண்டி அடிக்கடி வந்ததால் மாம்பலமும் குரோம்பேட்டையும் பல்லாவரமும் வளர்ந்தன. மீட்டர்கேஜ் மின்ரயில்கள் 2004இல் விடைபெற்றபோது, அந்தத் தடம் இல்லாத சென்னையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாத நிலை இருந்தது.

மற்றோர் அனுபவம் பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் போகும் அந்தப் பாதை, 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்டது. மொத்தம் இருபது கிலோமீட்டருக்கும் குறைவான அத்தடத்துக்கு 1980கள் முதல் எத்தனை கோடி, எத்தனை ஆண்டு! மலைபோன்ற நிலையக் கட்டடங்களைக் கட்டினார்கள். அவற்றிலிருந்து வெளியே வந்தால் பேருந்து எங்கே நிற்கும் என்பதைத் திட்டமிடவில்லை. அதனால் திறந்த பின்பும் நெடுங்காலம் பெட்டிகள் காலியாக ஓடின. ஒரு தடத்துக்கு உயிர் கொடுப்பவை வண்டி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதும், இறங்கியவர் அடுத்து எதில் ஏறுவார் என்பதும்தான் என்று நான் புரிந்துகொண்டது இந்த இரண்டு தடங்களையும் ஒப்பிட்டுத்தான். காவிரிப் படுகைக்கு 1931இன் வழி பொருந்தும். இங்கே ரயில் நிலையங்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 2025இல் மாநில அரசு மண்டல விரைவு ரயிலுக்குச் சாத்தியம் ஆராய அறிவித்த தடங்களில் சென்னை–விழுப்புரமும், சென்னை–வேலூரும், கோவை–சேலமும் இருந்தன, டெல்டா இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. அவ்வளவு செலவு இங்கே தேவையே இல்லை.

தங்கள் அதிகாரிகள் உடனே எழுப்பக்கூடிய தடை ஒற்றைப் பாதை என்பதாகும். அது உண்மையான தடைதான், அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. திருச்சி–தஞ்சாவூர் இரட்டைப் பாதையாகிவிட்டது. தஞ்சாவூருக்குக் கிழக்கே மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம், எதிர்வண்டி வரும்வரை மற்றது லூப் லைன் எனப்படும் பக்கத்தடத்தில் நிற்க வேண்டும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று காவிரி பிரிந்து ஓடும் நிலத்தில் இரட்டைப் பாதை என்றால் பாலத்துக்கு மேல் பாலம். அதற்குப் பணமும் ஆண்டுகளும் ஆகும். ஆனால் மணிக்கொரு வண்டிக்கு இரட்டைப் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரு திசையிலும் மணிக்கு ஒரு வண்டி என்றால், ஒவ்வொரு வண்டியும் எதிர்வண்டியைச் சந்திப்பது அரைமணிக்கு ஒருமுறை. தஞ்சாவூருக்குப் பின் ஏறக்குறைய அரைமணிப் பயணத்தில் பாபநாசம், அதற்கும் அரைமணி கடந்து ஆடுதுறை. கிராசிங்கை இந்த இரண்டு இடங்களில் நிலைநிறுத்திக்கொண்டு, எல்லா நாளும் அதே நிமிடத்தில் அவை நடக்குமாறு அட்டவணையை வரைந்தால், விரைவு ரயில்களுக்கும் இடையில் இடம் கிடைக்கும். இப்போதோ ஒவ்வொரு வண்டியும் தனக்கென ஒரு நேரத்தில் புறப்பட்டு, எங்கே எதற்காக நிற்கிறது என்று பயணிக்கும் தெரியாமல், சில நேரம் நிலைய அதிகாரிக்கும் தெரியாமல் ஓடுகிறது.

இதற்கு மெமு எனப்படும், தனி எஞ்சின் இல்லாத மின்சார வண்டித்தொடர்களே ஏற்றவை. எஞ்சின் மாட்டிய பழைய பாசஞ்சரைவிட அவை விரைவாக வேகம் பிடிக்கும். நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று புறப்படும் தடத்தில், மிச்சமாகும் நேரம் நிலையத்துக்கு நிலையம் கூடிக்கொண்டே போகும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் முடிவிடத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டியதும் இல்லை. நீடாமங்கலம் கேட்டில் சரக்கு வண்டிக்காகவும் எஞ்சின் மாற்றத்துக்காகவும் நின்று வெயிலில் வெந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். விழுப்புரம் முதல் கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் வரையிலும், மயிலாடுதுறை–திருவாரூர் பகுதியிலுமாக 228 கிலோமீட்டர் மின்மயமானதைப் பிரதமர் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தக் கம்பியின் கீழ் மின்சார ஊர்வண்டியும் அடிக்கடி ஓடினால்தான் போட்ட முதலுக்குப் பலன் கிடைக்கும்.

திருவாரூர்–காரைக்குடி பாதையைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதை மட்டும் போட்டு ஆளும் அட்டவணையும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அது போல வேறெதுவும் காட்டவில்லை. 149 கிலோமீட்டர் அகலப்பாதையைப் போட்டு முடித்து 2019 ஜூனில் டெமு என்னும் டீசல் வண்டித்தொடரை விட்டபோது, வழியிலுள்ள கேட்டுகளுக்கு கேட் கீப்பர்கள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், பின்பெட்டியைச் சேர்ந்தவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். திருவாரூரிலிருந்து காரைக்குடி போய்ச்சேர ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. மீட்டர்கேஜில் கம்பன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வந்து போன அதே தடம் இது! பல நூறு கோடி செலவழித்த பாதையில் பழைய வேகத்துக்கும் கீழே வண்டி போனதைப் பார்த்துத் தில்லைவிளாகத்து மக்களும் பேராவூரணி மக்களும் சிரித்தார்கள் என்பதைவிட, சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள் என்பதுதான் கவலைக்குரியது. அந்த ஊழியர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையிலும் இருட்டிலும் இறங்கி ஏறியவர்கள் அவர்கள். பின்னர் நிலைமை தேறியது, விரைவு ரயில்களும் வந்தன. ஆயினும் திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூருக்கும், அகத்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கும் நாளெல்லாம் ஊர்வண்டி என்பது இன்னும் கனவாகவே இருக்கிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்து வந்தவர்களைப் போல நாங்களும் நடக்கத் தயார்தான், ஆனால் அது போராட்டம், அன்றாடப் போக்குவரத்தன்று.

இந்தப் பாதைக்கு மணிக்கொரு வண்டி கேட்கவில்லை. இரண்டு மணிக்கு ஒன்று போதும். ஆனால் அது திருவாரூருக்கு வந்து சேரும்போது, தஞ்சாவூர் வண்டியும் மயிலாடுதுறை வண்டியும் எதிர் நடைமேடையில் காத்திருக்க வேண்டும். நான்கு திசைப் பாதைகள் கூடும் சந்திப்பு திருவாரூர். அப்படிப்பட்ட நிலையத்தில் ஒரு வண்டி வந்து சேர்வதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே இன்னொரு வண்டி போய்விட்டது என்றால், சந்திப்பு என்ற தகுதி பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. இணைப்பு என்பது புதிய செலவே இல்லாத சீர்திருத்தம். அதற்கு வேண்டியது, அட்டவணை வரைகிறவர் திருவாரூர் மேடையில் இறங்கி நிற்கும் பயணியை நினைத்துக்கொண்டு வரைவது மட்டுமே.

சரக்கு ரயில்கள் உண்டே என்று கேட்பீர்கள். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியும், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய வேகன்களும் இதே பாதைகளில்தான் போக வேண்டும். நெல் போவதை மறுக்கும் தஞ்சாவூர்க்காரன் இருக்க முடியாது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை அவற்றுக்கு முதலிடம் கொடுத்து, பகலில் எஞ்சிய இடைவெளியில் அனுப்பலாம். அரசுப் பேருந்துகள் இருக்கின்றனவே, நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமும் இல்லையே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பக்கத்து ஊருக்குப் போகும் பெண்ணுக்கு அந்தத் திட்டம் பெரிய ஆறுதல், அதை ரயில் பறிக்கப் போவதில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் போன்ற நீண்ட தடங்களில் கட்டணம் கொடுத்து நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் போகிறவர்களைத்தான் ரயில் இழுக்கும். நிலையத்துக்கு மினி பஸ் வந்து நிற்குமானால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பும். மாவட்ட ஆட்சியர்களும் போக்குவரத்துக் கழகமும் தங்கள் கோட்டத்தோடு ஒரே மேசையில் உட்கார வேண்டிய இடம் இது. இதுவரை உட்கார்ந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஆனால் ஒரு கெடு இருக்கிறது. 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். 2016இல் நடந்தபோது நகரைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு முன்பே வாகனங்களை நிறுத்தி மக்களை நடக்க விட்டார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. வரும் மகாமகத்துக்கும் கடைசி நேரத்தில் பத்துச் சிறப்பு ரயில்களை அறிவிப்பது வழக்கமான வழி. அதற்குப் பதிலாக, தஞ்சாவூர்–மயிலாடுதுறை மணிச் சேவையை 2027க்குள் தொடங்கிவிட்டால், மகாமகத்தின்போது அதே வண்டிகளைப் பெட்டி கூட்டி அரைமணிக்கு ஒன்றாக்கலாம். திருவிழா முடிந்த பிறகும் சேவை ஊரில் தங்கிவிடும். வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கும், நாகூர்க் கந்தூரிக்கும், திருவாரூர் ஆழித்தேருக்கும், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போகிறவர்களுக்கும் இதே ஏற்பாடு உதவும். பேரளம்–காரைக்கால் பாதையில் ஊர்வண்டி ஓடினால், மயிலாடுதுறை, பேரளம், காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர் என்று ஒரு வட்டமே அமைந்துவிடுகிறது. இப்படியொரு வட்டப்பாதை சென்னைக்கு வெளியே எத்தனை வட்டாரங்களுக்கு வாய்த்திருக்கிறது?

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது, முதலில், திருச்சி–மயிலாடுதுறைத் தடத்தில் மணிக்கு ஒரு மெமு என்ற அடிப்படையில் ஒரு மாதிரி அட்டவணையைத் தங்கள் இயக்கப் பிரிவு வரைந்து, எந்தெந்த நிலையத்தில் லூப் லைன் போதாது, எத்தனை வண்டித்தொடர் தேவை, எத்தனை ஓட்டுநர் பணியிடம் காலியாக இருக்கிறது என்ற விவரங்களோடு பொதுவில் வெளியிட வேண்டும். முடியாது என்றால் எந்த இடத்தில் முடியாது என்பதாவது அப்போது எல்லோருக்கும் தெரியும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதற்காகப் பணம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். புதிய விரைவு ரயிலுக்குக் கொடியசைக்கும் விழாக்களில் அவர்கள் காட்டும் அக்கறையில் பாதியை, குத்தாலத்துக்கு ஒரு லூப் லைன் கேட்பதில் காட்டினால் எங்களுக்குப் போதும். அடுத்ததாக, கடைசி வண்டியைப் பற்றி ஒரு முடிவு வேண்டும். தஞ்சாவூரிலிருந்து இரு தடங்களிலும் இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஓர் ஊர்வண்டி உறுதியாக இருந்தால்தான், காலையில் ரயிலில் போனவர் மாலைக்குப் பேருந்தை நினைக்காமல் இருப்பார். காலை வண்டியை மட்டும் கூட்டிவிட்டு மாலையை அப்படியே விட்டதால் தோற்றுப்போன ஊர்வண்டிகள் இங்கே ஏற்கெனவே உண்டு.

தங்கள் அடுத்த கால அட்டவணை இறுதியாவதற்கு முன்பு, மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் பயணிகளையும் வணிகர்களையும் கல்லூரி முதல்வர்களையும் அழைத்து ஊருக்கொரு கூட்டம் நடத்துமாறும், மேற்சொன்ன மாதிரி அட்டவணையை அந்தக் கூட்டங்களில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை பகலில் வைத்தால், வர வேண்டியவர்கள் வர முடியும். அன்றைக்கு வந்து திரும்புவதற்கு ஏற்ற நேரத்தில் ஒரு பாசஞ்சர் வண்டியும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஆடுதுறைப் பயணி ஒருவர்
தஞ்சாவூர் மாவட்டம்